பெல்ட்டுக்கு அவசரமில்லை

ஹம்மர்ஃபெஸ்ட்டில் சூரியன் எட்டிப் பார்க்காத மாதம்.
உள்ளே, குளத்துக்கு மேலே,
விசிறியில்லாத ஹெலிகாப்டர் ஒன்று
சங்கிலியில் தொங்குகிறது.
அதன் வயிற்றுக்குக் கீழே நாலு மீட்டர் ஆழத்தில்
காற்றுக்குழாயைக் கடித்தபடி உட்கார்ந்திருப்பது என் வேலை.
ஆட்களை எனக்குப் பாதத்திலிருந்துதான் பழக்கம்.

எண்ணெய்த் தளத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும்
சில வருஷத்துக்கு ஒருமுறை இங்கே வந்து
கவிழ்ந்துவிட்டுப் போக வேண்டும்.
குன்வோர் கரையில் நின்று சொல்வாள்,
இருபத்திரண்டு வருஷமாக ஒரே சுருதியில்:
ஒரு கை ஜன்னல் சட்டத்தில். ஒரு கை பெல்ட்டில்.
தலைகீழானதும் எது மேல் என்று யோசிக்காதீர்கள்,
மூளை பொய் சொல்லும், கை சொல்லாது.
சுற்றுவது நிற்கட்டும். ஏழு வரை எண்ணுங்கள்.
பெல்ட்டுக்கு அவசரமில்லை.

யூருன் எண்ணமாட்டாள்.
தளத்தில் நூற்றிருபது பேருக்குச் சமைக்கிறவள்.
தண்ணீர் முழங்காலைத் தொட்டதுமே பெல்ட்டைக் கழற்றிவிடுவாள்.
அப்புறம் உலையில் அரிசி மாதிரி
கூண்டுக்குள் மேலும் கீழும் புரள்வாள்.
மூன்று முறை நான்தான் இடுப்பைப் பிடித்து இழுத்தேன்.
மூன்று முறையும் குன்வோர் அட்டையில் பெருக்கல்குறி.
நாலாவது முறைக்கு நிறுத்துகடிகாரத்தை அமுக்கினாள்.
கூண்டு அசைந்தது.
மணி அடித்தது.

எங்கள் மணி எனக்குத் தெரியும்,
கொஞ்சம் கத்திவிட்டு அடங்கிவிடும்.
இது கட்டடத்தின் மணி. பாய்லர் அறையில் புகை.
பதினொரு பேர், சொட்டச் சொட்ட, வெறுங்காலோடு
பனியில் நின்றோம்.
மைனஸ் பதினான்கு.
கவிழ்வதற்குப் பாடம் இருந்தது, மூழ்குவதற்கு இருந்தது,
நெருப்புக்கும் செவ்வாய்க்கிழமை ஒரு வகுப்பு உண்டு.
நனைந்தபின் நெருப்பு வரும் என்று
யாரும் எழுதிவைக்கவில்லை.
குன்வோர் பச்சைப் பலகைக்குக் கீழே நின்று பெயர்களை வாசித்தாள்.
எல்லோரும் இருந்தோம்.
மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்.
போலந்து வெல்டர் வியெஸ்வாவின் தலைமுடி
கம்பிகம்பியாக விறைத்துக் கிணுகிணுத்தது.

பலகையை விட்டு முதலில் நகர்ந்தவள் யூருன்.
மீன் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ்
சாலையோரம் உறுமிக்கொண்டு நின்றது.
டிரைவர் வேண்டாம் என்று தலையாட்டினான்.
கதவை அவளே திறந்தாள்.
ஈரமானதைக் கழற்று. வெட்கம் அப்புறம்.
ஒல்லியானவர்கள் ஹீட்டர் பக்கம்.
நீ, அவன் பாதத்தை உன் அக்குளில் வை. ம், வை!
நூறு பேர் தட்டோடு நிற்கையில் சூப் பொங்கினால்
சமையலறையில் ஒரு குரல் எழுமே,
அந்தக் குரல்.
பிறகு இறங்கிப் போய்
இன்னும் வாசித்துக்கொண்டிருந்த குன்வோரை
அட்டையோடு இழுத்து வந்தாள்.
வியெஸ்வாவ் பல் கிட்டிப்போய் உட்கார்ந்து
பழக்கத்தில் பெல்ட்டை மாட்டினான்.
அவன் இடது கை தானாக ஜன்னல் சட்டத்துக்குப் போனது.
முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை.

பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு ரப்பர் வளையம் கருகியிருந்தது.
மதியம் மறுபடி இறங்கினோம்.
இந்த முறை வந்துவிடுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்,
அடியில் நானும்.
தண்ணீர் முழங்காலைத் தொட்டது.
பெல்ட் கழன்றது.
இழுக்கையில் அவள் குதிகால் என் முகமூடியில் மோதி
எனக்குப் பொறி கலங்கிவிட்டது.

குன்வோர் பேனாவைத் திறந்து
வெகுநேரம் அட்டையைப் பார்த்தாள்.
யூருனின் உதடு இன்னும் நீலம்.
பெருக்கல்குறியே போட்டாள்.
நாளைக்கு ஏழரைக்கு வா, என்றாள்,
குளம் காலியாக இருக்கும், நானும் உன்னோடு உள்ளே உட்காருகிறேன்.

அவள் கழுத்தில்
காலையில் அமுக்கிய கடிகாரம்
ஓடிக்கொண்டேயிருந்தது. நாலு மணி பதினேழு நிமிஷம்.
நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை.